சொன்னதைச் சொன்னபடி ஜாப் கார்டில் எழுதுங்கள்: கார் கம்பெனிகளுக்கு தர்மபுரியிலிருந்து ஒரு திறந்த மடல்

இந்தியாவில் கார் விற்கும் கம்பெனிகளில் சர்வீஸ் பிரிவுக்குத் தலைமைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம்.

தர்மபுரியிலிருந்து எழுதுகிறேன். எந்தக் கம்பெனியின் பெயரையும் இதில் எழுதவில்லை, ஏனென்றால் நான் சொல்லப் போவது ஒரு கம்பெனிக்கு மட்டும் உரியதல்ல. இங்கே பாலக்கோடு, காரிமங்கலம், காவேரிப்பட்டணம், ஊத்தங்கரை என்று பல ஊர்களில் வெவ்வேறு கம்பெனி கார் வைத்திருக்கும் சொந்தக்காரர்கள், நண்பர்கள், டாக்ஸி ஓட்டுபவர்கள் எல்லோரும் சொல்வது கிட்டத்தட்ட ஒரே கதைதான். வண்டியின் எலக்ட்ரிக்கல் சிஸ்டத்தில் கோளாறு வருகிறது, சர்வீஸ் சென்டருக்குப் போனால் கோளாறே இல்லை என்கிறார்கள்.

கேட்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டியைக் கொண்டு வருகிறவர் என்ன சொல்கிறாரோ அதை அவர் சொன்னபடியே ஜாப் கார்டில், அதாவது வண்டியை விடும்போது புகாரையும் செய்ய வேண்டிய வேலையையும் குறிக்கும் தாளில், எழுதச் சொல்லுங்கள். ஸ்கேன் போட்டால் அந்த ரிப்போர்ட்டை, கோடு (கோளாறைக் குறித்து வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் குறியீடு) எதையும் அழிப்பதற்கு முன், பிரின்ட் எடுத்து வண்டிக்காரர் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். இதற்குப் புது மெஷின் எதுவும் வாங்க வேண்டாம், ஒரு உத்தரவு போதும்.

இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஏன் ஒரு மடல் என்று தோன்றலாம். காரணம் இருக்கிறது.

பழைய வண்டியில் பேட்டரி, டைனமோ, செல்ஃப், லைட், ஹாரன், அவ்வளவுதான் வயரிங். இன்றைக்கு விற்கும் வண்டியில் இன்ஜினுக்கு ஒரு கம்ப்யூட்டர், கதவுக்கும் லைட்டுக்கும் ஒன்று, ஏர்பேக்குக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, ஸ்டியரிங்குக்கு ஒன்று, இவை எல்லாம் இரண்டு மெல்லிய வயர் வழியாக ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருக்கின்றன. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு சென்சார்களும் கூடிவிட்டன. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, புகை குறைந்தது, பாதுகாப்பு கூடியது, நல்லதுதான். ஆனால் இத்தனையும் 12 வோல்ட் சப்ளையை நம்பி நிற்கின்றன. அந்த சப்ளை ஒரு நொடி தடுமாறினால் மீட்டர் போர்டில் எல்லா விளக்கும் ஒன்றாக எரிகிறது, ஸ்டியரிங் இறுகுகிறது, சில நேரம் வண்டியே ஆஃப் ஆகிவிடுகிறது. ஓரமாக நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு மறுபடி போட்டால் ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது. இந்த "வந்து வந்து போகும்" கோளாறுதான் எங்களைப் படுத்துகிற பாடு.

எனக்கு இது தொப்பூர் கணவாயில் நடந்தது. தேசிய நெடுஞ்சாலை 44-இல் சேலம் போகிற யாருக்கும் அந்த இறக்கம் தெரியும், இரட்டைப் பாலம் தெரியும், பிரேக் பிடிக்காமல் வரும் லாரிகளைப் பற்றிச் செய்தியில் படிக்காதவர் இந்த மாவட்டத்தில் இருக்க மாட்டார். இருட்டிய நேரம், பின்னால் டிரெய்லர், வளைவில் ஸ்டியரிங் கல்லாகி விட்டது. மீட்டரில் பேட்டரி விளக்கு, ஏர்பேக் விளக்கு, ஏபிஎஸ் விளக்கு எல்லாம் சேர்ந்து எரிந்தன, ஹெட்லைட் மங்கியது. பக்கத்தில் என் மனைவி, பின் சீட்டில் அம்மா. இரண்டு கையாலும் பலம் கொடுத்து இழுத்து ஓரம் கட்டினேன். எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங்கில் மோட்டார் உதவி நின்று போனால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளாது, திருப்பலாம், ஆனால் பலம் வேண்டும். இன்ஜினும் நின்றுவிட்டால் பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்யூம் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் வரும், அதற்குப் பிறகு பிரேக்கும் மரம் போல இறுகிவிடும். இது எத்தனை வண்டிக்காரர்களுக்குத் தெரியும்? வண்டி டெலிவரி கொடுக்கும்போது ரிப்பன் கட்டி, பெரிய சாவி அட்டை கொடுத்து போட்டோ எடுக்கிறீர்கள், அந்த நேரத்தில் இரண்டு நிமிடம் இதையும் சொல்லிக் கொடுக்கலாம்.

மறுநாள் சர்வீஸ் சென்டர். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். சர்வீஸ் அட்வைசர் டேப்லெட்டில் ஏதோ தட்டினார். வெளியே வந்து ஜாப் கார்டைப் பார்த்தால், வாடிக்கையாளர் புகார் என்ற இடத்தில் "ஜெனரல் செக்கப், வார்னிங் லைட்" என்று மட்டும் இருக்கிறது. ஓடும்போது ஸ்டியரிங் இறுகியது இல்லை, ஹெட்லைட் மங்கியது இல்லை, கணவாய் இல்லை, இரவு இல்லை. திரும்பப் போய்க் கேட்டேன். "அதெல்லாம் சிஸ்டத்துல ஆப்ஷன் இல்ல சார், நாங்க பாத்துக்கறோம்" என்றார். சாயங்காலம் வண்டியை எடுக்கப் போனபோது, "பழைய கோடு நிறைய இருந்துச்சு சார், எல்லாத்தையும் க்ளியர் பண்ணிட்டோம், ஓட்டிப் பாருங்க, வந்தா சொல்லுங்க."

என்ன கோடு என்று கேட்டால் தெரியவில்லை. அழித்தாயிற்று.

உங்கள் இன்ஜினியர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை, ஆனால் படிக்கிற மற்ற வண்டிக்காரர்களுக்காகச் சொல்கிறேன். பல கோளாறுகளில், கோளாறு பதிவாகும் அந்த நொடியில் வண்டி என்ன வேகத்தில் போனது, இன்ஜின் எத்தனை ஆர்பிஎம்-இல் இருந்தது, என்ன சூட்டில் இருந்தது என்பதையும் கம்ப்யூட்டர் சேர்த்துப் பிடித்து வைக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள். அந்தக் கோடுகளை அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். வந்து வந்து போகும் கோளாறுக்கு நம் கையில் இருக்கும் ஒரே சாட்சி அதுதான், அதைத்தான் முதல் வேலையாக அழிக்கிறார்கள்.

அப்புறம் கோளாறு மறுபடி வந்தது. பேட்டரி மாற்றச் சொன்னார்கள், மாற்றினோம். அதற்கடுத்து பாடி கன்ட்ரோல் மாட்யூல் (கதவையும் லைட்டையும் கவனிக்கும் கம்ப்யூட்டர்) போயிருக்கலாம் என்றார்கள், "போயிருக்கலாம்" என்பதுதான் அவர்கள் சொன்ன வார்த்தை. எலக்ட்ரிக்கல் பார்ட் வாங்கினால் ரிட்டர்ன் கிடையாது, போட்டும் சரியாகவில்லை என்றால் காசு போனது போனதுதான். இந்த இடத்தில்தான் எங்கள் ஊரில் நிறையப் பேர் வண்டியை விற்றுவிடுகிறார்கள், வாங்குகிற அப்பாவிக்கு ஒன்றும் தெரியாமல் கோளாறும் சேர்ந்து போகிறது.

கடைசியில் கண்டுபிடித்தது கிருஷ்ணகிரியில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன். அவர் ஸ்கேனரை எடுக்கவே இல்லை. மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸிலும் இன்னொரு முனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து, என்னை செல்ஃப் அடிக்கச் சொன்னார். மீட்டர் ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. "இங்க பூஜ்யத்துக்குப் பக்கத்துல நிக்கணும் சார், அரை வோல்ட்டைத் தாண்டவே கூடாது. எர்த் சரியில்ல" என்றார். பேட்டரி டிரேயைக் கழற்றினார். அதற்கு அடியில் பாடியில் முறுக்கியிருந்த எர்த் வயரின் போல்ட்டைத் திறந்தால், லக்குக்கு (வயர் முனையில் இருக்கும் உலோக வளையம்) அடியில் பச்சையாகப் பொடி பூத்திருந்தது, பாடியில் பெயின்ட் முழுதாகச் சுரண்டப்படாமல் அதன் மேலேயே லக் உட்கார்ந்திருந்தது. எங்கள் மழைக்கும் தூசிக்கும் அது கொஞ்சம் கொஞ்சமாகப் பூத்து, கரன்ட் திரும்பி வரும் வழியை அடைத்திருக்கிறது. சாண்ட் பேப்பர் போட்டுத் தேய்த்து, இரும்பு பளபளவென்று தெரிந்த பிறகு புது லக் அடித்து, வேசலின் தடவி இறுக்கினார். மறுபடி மீட்டர் வைத்தார், முள் நகர்ந்த மாதிரியே தெரியவில்லை. கூலியைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

சப்ளை சரியில்லை என்றால் நல்ல கம்ப்யூட்டரும் தப்பான கோடுகளைத்தான் காட்டும். இன்ஜின் நிற்கும்போது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் பக்கத்தில் இருக்க வேண்டும், ஓடும்போது பொதுவாக 13.8-லிருந்து 14.5 வரை (சில புது வண்டிகளில் பேட்டரி சென்சார் சொல்வதற்கேற்ப இது ஏறி இறங்கும், அது வேறு). இதைப் பார்த்துவிட்டு, எர்த்திலும் பிளஸ்ஸிலும் எவ்வளவு வோல்ட் விழுகிறது என்று லோடு கொடுத்துப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் மாட்யூல் பேச்சையே எடுக்க வேண்டும். இது உங்கள் சொந்த சர்வீஸ் மேனுவலிலேயே இருக்கும். ஏன் நடப்பதில்லை?

உங்கள் சர்வீஸ் சென்டரில் வேலை பார்க்கும் பையன்கள் மேல் எனக்குத் துளியும் கோபம் இல்லை. அவர்கள் எங்கள் வீட்டுப் பிள்ளைகள், ஐடிஐ முடித்துவிட்டு, டிப்ளமோ முடித்துவிட்டு வந்தவர்கள். அவர்களுக்கு ஒரு நாளில் இத்தனை வண்டி முடிக்க வேண்டும் என்று கணக்கு இருக்கிறது. பல இடங்களில் பாகம் மாற்றினால்தான் டீலருக்குக் கூலி கிடைக்கிறது, ஒரு எர்த் போல்ட்டைத் தேடி அரை நாள் செலவழித்தால் அந்த நேரத்துக்கு யாரும் காசு தருவதில்லை. அப்படியிருந்தால் எந்தப் பையன் தேடுவான்? கண்டுபிடிக்கும் நேரத்துக்குத் தனியாகக் கூலி கொடுங்கள். வாரண்டி இல்லாத வண்டி என்றால் எங்களிடமே கேளுங்கள், நியாயமான தொகை என்றால் தருகிறோம். பார்க்காமலே மாற்றிய மாட்யூலுக்குக் கொடுப்பதை விட அது எவ்வளவோ மேல்.

வாரண்டி என்றதும் இன்னொன்று. ஹாரன் மாற்றியிருக்கிறீர்கள், ஃபாக் லேம்ப் போட்டிருக்கிறீர்கள், டேஷ் கேமராவுக்கு வயர் எடுத்திருக்கிறீர்கள், அதனால் எலக்ட்ரிக்கல் வாரண்டி கிடையாது என்கிறார்கள். கண்ட இடத்தில் வயரைக் கீறி ஒட்டினால் ஷார்ட் ஆகும், வண்டி எரியவும் செய்யும், மறுக்கவில்லை. ஆனால் இங்கே பாதி வண்டிகளில் அந்த வேலையைச் செய்தது யார்? டெலிவரி எடுக்கும் நாளிலேயே ஆக்சசரீஸ் பேக்கேஜ் என்று பில் போட்டு, ரிவர்ஸ் கேமராவும் ஸ்பீக்கரும் மாட்டிக் கொடுத்தது உங்கள் ஷோரூம்தான். வெளியில் மாட்டிய ஹாரனுக்கும் ஸ்டியரிங் இறுகியதற்கும் தொடர்பு இருக்கிறது என்று சொல்வதாக இருந்தால், எந்த வயர், எந்த இடம், எப்படி என்று காட்டி, அதையும் எழுதிக் கொடுங்கள். எலி கடித்தது என்றாலும் அப்படித்தான், கடித்த இடத்தைப் போட்டோ எடுத்துக் கொடுத்தால் நாங்கள் இன்ஷூரன்ஸ்காரரிடம் போய்ப் பேசிக்கொள்வோம்.

எழுத்துக்காக இவ்வளவு மல்லுக்கட்டுவது ஏன் என்றால், எங்களுக்கு இருக்கும் எல்லா வழியும் அந்த ஒரு தாளில்தான் தொடங்குகிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. ஆனால் அங்கே போனால் முதலில் கேட்பது ஜாப் கார்டு. தயாரிப்புக் குறை என்று நிரூபிக்க வேண்டிய பாரம் எங்கள் மேல், கையில் இருப்பதோ "ஜெனரல் செக்கப்". மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் 110ஏ பிரிவைச் சேர்த்து, 2021 ஏப்ரல் 1 முதல் வண்டிகளைத் திரும்ப அழைக்கும் விதிகள் நடைமுறைக்கு வந்தன. ஏழு வயதுக்கு உட்பட்ட வண்டிக்காரர் குறையைப் பதிவு செய்யலாம், குறிப்பிட்ட எண்ணிக்கையில் புகார் சேர்ந்தால் அரசு அந்த மாடலைத் திரும்ப அழைக்கச் சொல்லலாம். நல்ல விதி. ஆனால் அந்த எண்ணிக்கை எப்படிச் சேரும்? ஊத்தங்கரைக்காரர் ஜாப் கார்டில் "பேட்டரி செக்", ஓசூர்க்காரர் ஜாப் கார்டில் "வார்னிங் லைட்", என்னுடையதில் "ஜெனரல் செக்கப்". மூன்றும் ஒரே கோளாறு என்று யாருக்குத் தெரியப் போகிறது? உங்கள் ஹெட் ஆபீஸுக்கே தெரியாது. நீங்கள் பார்க்கும் ரிப்போர்ட்டில் எங்கள் வண்டி எல்லாம் திருப்தியாகச் சரி செய்யப்பட்ட வண்டிகளாகத்தான் இருக்கும்.

எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் சில சின்ன கார்களில் இக்னிஷன் சுவிட்ச் லூசாக இருந்தது. சாவிக்கொத்தின் கனத்துக்கோ சாலைக் குலுக்கலுக்கோ சுவிட்ச் தானாக நழுவி, ஓடும்போதே இன்ஜின் நின்று, பவர் ஸ்டியரிங் போய், மோதினால் ஏர்பேக்கும் விரியாமல் போனது. கம்பெனிக்குள் சிலருக்குப் பல வருடமாகத் தெரியும். 2006-இல் அந்தப் பாகத்தைத் திருத்தினார்கள், ஆனால் பாகத்தின் எண்ணை மாற்றாமலே விட்டுவிட்டார்கள், அதனால் எந்த வண்டியில் பழையது, எந்த வண்டியில் புதியது என்று தாளை வைத்து யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. மகளைப் பறிகொடுத்த ஒரு குடும்பத்தின் வக்கீலுக்காக வேலை செய்த இன்ஜினியர், பழைய சுவிட்சையும் புதிய சுவிட்சையும் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. 2014-இல் லட்சக்கணக்கில் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். கம்பெனி அமைத்த இழப்பீட்டு நிதியே ஒப்புக்கொண்ட சாவு 124. கோளாறான அந்தப் பாகத்தைச் சரி செய்ய ஒரு டாலர் கூட ஆகாது. அதே நாட்டில் வண்டிக்காரர் ஒருவர் அரசுப் பாதுகாப்பு அமைப்பிடம் கொடுக்கும் புகாரை, பெயர் விவரம் நீக்கி, யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடிப் படிக்கலாம். இங்கே என் புகாரை என்னாலேயே படிக்க முடியவில்லை.

ஸ்கேனர் விஷயத்தையும் சொல்லி முடித்துவிடுகிறேன். 2014 ஆகஸ்ட்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது நினைவிருக்கும். ஒரிஜினல் உதிரி பாகமும் கோளாறு கண்டுபிடிக்கும் கருவியும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்தது தவறு என்பதுதான் சாரம். அப்பீல் அது இதுவென்று வழக்கு எங்கெங்கோ போனது. 2022 டிசம்பரில் நுகர்வோர் விவகாரத் துறை ரிப்பேர் உரிமைக்காக ஒரு இணையதளம் தொடங்கியது, அதில் வாகனமும் ஒரு துறை. ஆனாலும் கிருஷ்ணகிரியில் என் வண்டியைச் சரி செய்த அந்த எலக்ட்ரீஷியனிடம் இன்றுவரை என் மாடலின் வயரிங் டயக்ராம் கிடையாது. கையாலும் அனுபவத்தாலும்தான் தேடினார். எர்த் பாயின்ட் எங்கெங்கே இருக்கிறது என்ற ஒரு படத்தை, நியாயமான விலைக்காவது, அவருக்குக் கொடுத்தால் உங்களுக்கு என்ன நஷ்டம்? அஞ்செட்டியிலோ பென்னாகரத்திலோ ராத்திரி வண்டி நின்றால் உங்கள் ரெக்கவரி வண்டி வர எவ்வளவு நேரமாகும் என்பது உங்களுக்கே தெரியும், ஆனால் பக்கத்தில் ஒரு எலக்ட்ரீஷியன் கடை இருக்கும். ஓசூர் சிப்காட்டில் வண்டியும் வண்டி உதிரி பாகமும் செய்யும் கைகள் எங்கள் இரண்டு மாவட்டத்துக் கைகள். வண்டி செய்யத் தெரிந்த ஊருக்கு ஒரு வயரிங் படத்தைப் படிக்கத் தெரியாதா?

நாடு முழுக்க ஒரே நாளில் மாற்ற முடியாது என்று சொல்வீர்கள். சரி, தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் சர்வீஸ் சென்டர்களில் மட்டும் தொடங்குங்கள். ஜாப் கார்டில் வாடிக்கையாளர் சொன்னதைத் தமிழிலேயே எழுத நான்கு வரி இடம் விடுங்கள், கீழே அவர் கையெழுத்துக்கு ஒரு இடம். ஸ்கேன் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் போதும், அழிப்பதற்கு முன் எடுத்ததாக இருக்க வேண்டும், தேதியும் கிலோமீட்டரும் இருக்க வேண்டும். ஓடும்போது ஸ்டியரிங் இறுகியது, ஹெட்லைட் மங்கியது, இன்ஜின் ஆஃப் ஆனது, இந்த மூன்றில் எதைச் சொன்னாலும் அந்த ஜாப் கார்டு நேராக உங்கள் பாதுகாப்புப் பிரிவுக்குப் போகும்படி செய்யுங்கள். ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் இதைச் செய்தால் நல்லது, எர்த்தும் கப்ளரும் (வயர்களை இணைக்கும் முனை) பூக்க ஆரம்பிப்பது அந்த மழையில்தான்.

இதே கோளாறு உள்ள மற்ற வண்டிக்காரர்கள் அவரவர் ஜாப் கார்டை எடுத்து, தாங்கள் சொன்னது அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் அன்றைக்கே சர்வீஸ் சென்டருக்கு ஒரு மெயில் அனுப்பி, "நான் சொன்னது இது" என்று எழுதி வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதிலும் பதிவு செய்யலாம்.

இப்படிக்கு,
தர்மபுரியிலிருந்து ஒரு கார் உரிமையாளர்